மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது?

பழைய ஹார்டு டிஸ்க் எதையும் லேசில் விட்டுவிடாது என்பதை ஆதாரத்தோடு காட்டியவர்கள், எம்ஐடியில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும். 2000 நவம்பரிலிருந்து 2002 ஆகஸ்டு வரை பழைய சந்தையில் 158 டிஸ்குகளை விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஒரு டிஸ்க், இல்லினாய் மாநிலத்தில் ஒரு ஏடிஎம் இயந்திரத்துக்குள் இருந்தது. ஓராண்டுக் கணக்கு வழக்கு அதில் அப்படியே கிடந்தது. இவற்றை விற்றவர்கள் எல்லோரையும் அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கணிசமான டிஸ்குகள் ஃபார்மேட் செய்யப்பட்ட பிறகே கை மாறியிருந்தன. கோப்பை அழிக்கச் சொன்னால் கணினி தன் அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது. உள்ளே எழுதப்பட்டிருப்பதைத் தொடுவதில்லை. வேறொரு கோப்பு அதே இடத்தில் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே இருக்கும். சாதாரண ஃபார்மேட்டும் பெரும்பாலும் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது.

வீட்டுக் கணினிக்கு மறையாக்கம், அதாவது நாம் பேச்சில் என்கிரிப்ஷன் என்று சொல்வது, எதற்கு என்ற கேள்விக்கு 2003 ஜனவரியில் வெளிவந்த இந்த ஆய்வைவிட நேரான விடை கிடையாது. எந்த ஹார்டு டிஸ்கும் என்றாவது ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறத்தான் போகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போகலாம், திருடன் கையில் போகலாம், பழைய இரும்புக் கடைக்கும் போகலாம். 2008 ஜனவரியில் ஹாங்காங்கை உலுக்கிய விவகாரம், ஒரு பிரபல நடிகர் தன் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்ததில் தொடங்கியது. அந்தரங்கப் படங்கள் ஊரெல்லாம் பரவின. பழுதுபார்த்த தொழில்நுட்பர் சிறைக்குப் போனார். படங்களில் இருந்த பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. டிஸ்கைப் பூட்டும் மென்பொருட்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. பூட்டு இருந்தும் பெரும்பாலான வீடுகளுக்கு அது ஏன் வந்து சேரவில்லை, கடைசியில் வந்தபோது எந்த ஏற்பாட்டோடு வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் கரு. பூட்டின் பலத்தைப் பற்றிய சண்டை கால் நூற்றாண்டில் முடிந்துவிட்டது. மாற்றுச்சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. 1990களில் அரசாங்கத்துக்குத் தரமாட்டோம் என்று மக்கள் மறுத்ததை, அடுத்த இருபது ஆண்டுகளில் கம்பெனிகளிடம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்பது என் வாதம்.

முதலில் பூட்டின் பலம். அமெரிக்க அரசு 1977இல் டெஸ் என்ற மறையாக்க முறையைத் தேசியத் தரமாக அறிவித்தது. ஐபிஎம் நிறுவனம் வடிவமைத்த அந்த முறையில் சாவியின் நீளம் 56 பிட். இது போதாது என்று விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அந்த ஆண்டே எழுதினார்கள்; சுமார் 2 கோடி டாலர் செலவழித்தால் எல்லாச் சாவிகளையும் ஒரு நாளுக்குள் போட்டுப் பார்க்கும் இயந்திரம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1998இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு 2.5 லட்சம் டாலருக்குள் அப்படியோர் இயந்திரத்தைக் கட்டி 56 மணி நேரத்தில் டெஸ்ஸை உடைத்தது. அதற்கு முன்பே அடுத்த தரத்துக்கான திறந்த போட்டி தொடங்கியிருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் உருவாக்கிய முறை வென்று, 2001 நவம்பரில் ஏஇஎஸ் என்ற பெயரில் தரமானது. 128 பிட்டிலிருந்து தொடங்கும் அதன் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைப்பது இன்றைய எந்த அரசாலும் ஆகாத காரியம். கணிதத்தைப் பொறுத்தவரை பேச்சு அங்கே முடிந்தது.

சாவி விஷயத்துக்கு வருமுன், டிஸ்க் மறையாக்கத்தின் உள்கட்டமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். பாஸ்வேர்டைக் கொண்டே டிஸ்க் முழுவதும் பூட்டப்படுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியிருந்தால் பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். நடப்பது வேறு. கணினி தானே ஒரு முதன்மைச் சாவியை உருவாக்கிக்கொள்கிறது. டிஸ்கின் ஒவ்வொரு பகுதியும் எழுதப்படும்போது அந்தச் சாவியால் மறையாக்கப்படுகிறது, படிக்கப்படும்போது விடுவிக்கப்படுகிறது. பாஸ்வேர்டு பூட்டுவது அந்த முதன்மைச் சாவியை மட்டுமே. லினக்ஸ் கணினிகளில் புழங்கும் லக்ஸ் முறை இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கிளெமன்ஸ் ஃப்ரூவிர்த் 2000களின் நடுவில் வடிவமைத்த அதன் முதல் வடிவத்தில், டிஸ்கின் தலைப்பகுதியில் எட்டு இடங்கள் உண்டு. எட்டிலும் ஒரே முதன்மைச் சாவியின் பூட்டிய பிரதிகளை வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. ஒன்று கணவருக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று காகிதத்தில் எழுதிப் பீரோவுக்குள். ஒருவருடையதை நீக்கினால் மற்றவர்களுடையது கெடாது. ஒரே டிஸ்குக்குப் பல சாவிகள் இருக்கலாம் என்ற இந்த எளிய உண்மைதான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. எட்டில் ஒன்று யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அந்த ஓர் இடத்தைத் தனக்கு ஒதுக்கித் தரும்படி அமெரிக்க அரசு வெளிப்படையாகவே கேட்டது. 1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட, சாதாரண மனிதரின் வீட்டுக் கணினிக்கு உறுதியான மறையாக்கம் வந்தது. அன்றைய சட்டப்படி மறையாக்க மென்பொருள் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. அது நாட்டெல்லையைத் தாண்டியதற்காக அவர்மீது 1993இல் தொடங்கிய குற்ற விசாரணை 1996 ஜனவரி வரை நீடித்து, வழக்குப் போடாமலே கைவிடப்பட்டது. 1993 ஏப்ரலில் கிளின்டன் அரசு இன்னொரு வழியைப் பரிந்துரைத்தது. அதன் பெயர் கிளிப்பர் சிப். தொலைபேசி உரையாடல்களுக்கான அந்தச் சில்லு நல்ல மறையாக்கம் தரும். ஆனால் ஒவ்வொரு சில்லின் சாவியும் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு இரண்டு அரசு அலுவலகங்களில் வைக்கப்பட்டிருக்கும். நீதிமன்ற அனுமதியோடு வருகிற காவல்துறைக்கு இரு பாதிகளும் கொடுக்கப்படும். பெல் லேப்ஸில் இருந்த மேட் பிளேஸ், அடுத்த ஆண்டே இதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அரசு ஒட்டுக்கேட்பதற்கு வசதியாகச் சில்லு அனுப்பும் தகவல் துண்டைச் சரிபார்க்க வெறும் 16 பிட் அளவுள்ள சோதனை எண் வைத்திருந்தார்கள். 65,536 வாய்ப்புகளைப் போட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போலித் துண்டு ஒன்றைத் தயாரித்து, அரசுக்குச் சாவி கிடைக்காதபடியே அந்தச் சில்லைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். மக்கள் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1996 வாக்கில் கிளிப்பர் செத்தது. இதே பிளேஸ்தான் 1993இல் யூனிக்ஸ் கணினிகளுக்கென்று, கோப்புகளை வட்டிலேயே மறையாக்கி வைக்கும் முன்னோடி அமைப்பு ஒன்றை எழுதி வெளியிட்டவர். அதில் சாவி பயனரிடம் மட்டுமே இருந்தது.

வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கருவி இந்த மரபிலிருந்துதான் வந்தது. 2004 பிப்ரவரியில் வெளிவந்த ட்ரூகிரிப்ட், விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பையே பூட்டிய தனி டிரைவாக ஆக்கிக் காட்டியது. பைசா செலவில்லை, மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் எழுதியவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. பத்தாண்டுக்காலம் உலகெங்கும் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் சாதாரணக் குடும்பங்களும் முகம் தெரியாதவர்களின் வேலையை நம்பினார்கள். 2013இல் அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானபின் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க மேத்யூ கிரீனும் கென்னத் வைட்டும் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தணிக்கைக்கு ஏற்பாடு செய்தார்கள். தணிக்கை பாதியில் இருக்கும்போதே, 2014 மே 28 அன்று, ட்ரூகிரிப்ட் தளத்தில் ‘இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல’ என்ற அறிவிப்பு தோன்றியது. மைக்ரோசாஃப்டின் பிட்லாக்கருக்கு மாறிக்கொள்ளும்படி அது சொன்னது. காரணத்தை யாரும் விளக்கவில்லை. 2015 ஏப்ரலில் தணிக்கை முடிந்தபோது, வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளச்சாவி எதுவும் நிரலில் தென்படவில்லை என்று தெரிந்தது. அந்த நிரலின் வழித்தோன்றலான வெராகிரிப்ட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதியவர்களின் முகம் தெரியாவிட்டாலும், நிரலைத் திறந்து படிக்க முடிந்ததால் கேள்விக்கு விடை கிடைத்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி அந்தத் தணிக்கை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆட்சேபம் குறுக்கே வந்து நிற்கும்: இதெல்லாம் குற்றவாளிகளுக்குத்தானே வசதி? ஆட்சேபத்துக்கு வலுவான சாட்சிகள் உண்டு. ட்ரூகிரிப்ட் எதன்மேல் கட்டப்பட்டதோ அந்த ஈ4எம் என்ற மென்பொருளை எழுதிய பால் லெ ரூ, பின்னாளில் பன்னாட்டுக் குற்றக் கும்பல் ஒன்றின் தலைவராகி, 2012இல் லைபீரியாவில் பிடிபட்டு, 2020இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்ற எந்த மறையாக்கமும் உதவவில்லை. போதைப்பொருள் சந்தையான சில்க் ரோடை நடத்திய ராஸ் உல்பிரிக்டின் லேப்டாப் பூட்டப்பட்டதுதான். 2013 அக்டோபர் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் சண்டை போடுவதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் லேப்டாப்பைத் திறந்தபடியே பறித்துக்கொண்டார்கள். டிஸ்க் மறையாக்கம் காப்பது கணினி அணைந்திருக்கும்போதுதான். இயங்கும் கணினியின் நினைவகத்தில் சாவி திறந்தே கிடக்கிறது. அதை 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நேரடியாகவே செய்து காட்டினார்கள்: காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து நினைவகச் சில்லை உறைய வைத்து, மின்சாரம் நின்ற பிறகும் அதிலிருந்து சாவியை எடுத்தார்கள். முனைந்து வருகிற புலனாய்வுக்கு இப்படிப் பல வழிகள் இருக்கின்றன. சந்தர்ப்பம் கிடைத்ததால் எட்டிப் பார்ப்பவரையும், திருடியதை விற்கப் போகிறவரையும்தான் இந்தப் பூட்டு முழுமையாகத் தடுக்கிறது. வீடுகளுக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு அவர்களிடமிருந்துதான்.

இதை அமெரிக்க அரசே கற்றுக்கொள்ள நேர்ந்தது. 2006 மே மாதம், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருடு போனது. காணாமற்போன லேப்டாப்பிலும் வெளிப்புற டிரைவிலும் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் மறையாக்கம் இல்லாமல் இருந்தன. ஜூன் மாதம், எடுத்துச் செல்லக்கூடிய கணினிகளில் உள்ள தகவல்களை மறையாக்கும்படி அரசுத் துறைகளுக்கு வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகத்திலிருந்து குறிப்பாணை போனது. போர்த்தளவாடம் என்று பத்தாண்டுக்கு முன் ஒரு மனிதரைத் துரத்தியதையே இப்போது எல்லா அலுவலகமும் செய்ய வேண்டும் என்றார்கள்.

வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் காலம் ஆனது. ஆப்பிள் 2003இலேயே ஃபைல்வால்டைத் தந்தாலும் அது பயனரின் கோப்புறையை மட்டும் பூட்டியது. 2011இல்தான் டிஸ்க் முழுவதையும் பூட்டும் வடிவம் வந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விஸ்டாவோடு பிட்லாக்கரைக் கொண்டுவந்தபோது அதை விலை கூடிய அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கு மட்டும் கொடுத்தது. வீட்டுப் பதிப்பு வாங்கியவருக்கு இல்லை. கணினியின் வேகம் குறையும் என்ற நியாயமான தயக்கமும் இருந்தது; 2010 முதல் இன்டெல் தன் சில்லுகளிலேயே ஏஇஎஸ் கட்டளைகளைச் சேர்த்ததும் அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. விண்டோஸ் 8.1 முதல் தகுதியுள்ள சில வீட்டுக் கணினிகளிலும், 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 வடிவத்திலிருந்து பெரும்பாலான புதுக் கணினிகளிலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. கார்ஃபிங்கலும் ஷெலாட்டும் கண்ட அவலத்துக்கு இதுவே மிகப் பெரிய மருந்து என்பதை மனதாரச் சொல்வேன். கேட்டால் மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு, தேவைப்படுபவரைப் பெரும்பாலும் சென்றடைவதில்லை.

ஆனால் பூட்டு மாட்டப்படும் அதே வேளையில் மீட்புச்சாவி அந்தக் கணக்கோடு இணைந்து நிறுவனத்தின் சேமிப்புக்குப் போய்விடுகிறது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கங்கள் கொண்ட எண் அது. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் வகுபடும். தப்பாகத் தட்டினால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். பாஸ்வேர்டு எதுவாக இருந்தாலும் அந்த எண் டிஸ்கைத் திறக்கும். தன் கணினி பூட்டப்பட்டதையே அறியாதவர், அதன் மாற்றுச்சாவி வேறொருவரிடம் இருப்பதை எப்படி அறிவார்? கிளிப்பர் சிப்பின் ஏற்பாடும் இதுவேதான்: நல்ல பூட்டு, மூன்றாமவரிடம் மாற்றுச்சாவி, முறையான ஆணை வந்தால் ஒப்படைப்பு. வேறுபாடுகள் இல்லாமலில்லை. இந்த மூன்றாமவர் அரசு அல்ல. கணக்கிலிருந்து சாவியை நீக்க முடியும். காகிதத்திலோ பென் டிரைவிலோ எடுத்து வைக்கவும் முடியும். ஆனால் நிறுவனத்திடம் இருப்பது எதுவானாலும் சட்டப்படி அரசு கேட்டுப் பெறக்கூடியது. கணக்குக்குள் புகுந்துவிட்டவருக்கும் அது கிடைக்கும். கிளிப்பரை எதிர்த்தவர்கள் சொன்ன இரண்டு பயங்களும் இவைதான்.

இதற்கு வரும் மறுப்பை லேசாக ஒதுக்க முடியாது. மாற்றுச்சாவி இல்லாத பூட்டு, சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும். ஸ்டெஃபான் தாமஸ் என்பவரின் 7,002 பிட்காயின்களுக்கான சாவிகள் ஐயன்கீ என்ற மறையாக்க டிரைவில் இருந்தன. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்தது. பத்து வாய்ப்புகளில் எட்டை அவர் இழந்துவிட்டதாக 2021இல் செய்தி வந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பூட்டப்பட்ட கணினிகளைச் சரிசெய்ய அந்த 48 இலக்க எண் வேண்டியிருந்தது. கையில் எண் இல்லாத நிர்வாகிகள் திண்டாடினார்கள். குடும்பத் தலைவர் திடீரென இறந்துபோகும் வீட்டில், நிலப் பத்திரத்தின் ஸ்கேனும் காப்பீட்டுக் காகிதமும் பேரக்குழந்தையின் படங்களும் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அது கொடுமை. ஆகவே மாற்றுச்சாவி வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பலருக்கு நிறுவனத்தின் சேமிப்பே அதற்குச் சரியான இடமாகவும் இருக்கலாம். அவர்கள் பயப்படுவது திருடனுக்கும் பழுதுபார்ப்பவருக்கும்தான், புலனாய்வுத் துறைக்கு அல்ல. என் ஆட்சேபம் அந்த முடிவை அவர்கள் எடுக்கவில்லை என்பதே. அவர்களுக்காக வேறொருவர் எடுத்துவிட்டார்.

நிறுவனத்தை நம்பினால் போதும் என்போருக்கு 2018இன் பாடம் ஒன்றும் உண்டு. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மெயரும் பெர்னார்ட் வான் கஸ்டலும், தாமே மறையாக்கம் செய்துகொள்வதாகச் சொல்லி விற்கப்பட்ட குரூஷியல், சாம்சங் எஸ்எஸ்டி டிரைவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சில மாடல்களில் பாஸ்வேர்டுக்கும் முதன்மைச் சாவிக்கும் கணித உறவே இல்லை. டிரைவுக்குள் இருந்த நிரல் பாஸ்வேர்டு சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். அந்த ஒப்பீட்டை மாற்றிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டும் செல்லும். இத்தகைய டிரைவுகளில் பிட்லாக்கர் தன் வேலையை டிரைவிடமே ஒப்படைத்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றியது. இங்கேயும் ஏஇஎஸ் உடையவில்லை. சாவி இருந்த இடம்தான் உடைந்தது.

இந்திய வாசகர் கேட்கக்கூடிய கடைசி மறுப்பு சட்டம் பற்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையாக்கத்தை நீக்கித் தர மறுப்பவருக்கு ஏழாண்டுவரை சிறை என்கிறது. எப்படியும் கொடுக்கத்தானே வேண்டும், சாவி எங்கே இருந்தால் என்ன? வித்தியாசம் பெரிது. சாவி என்னிடம் இருந்தால் ஆணை என்னிடம்தான் வரவேண்டும், அப்படி ஒன்று நடக்கிறது என்று எனக்குத் தெரியும், வழக்கறிஞரைப் பார்க்கலாம், தனக்கெதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்பின் 20(3) பிரிவை எடுத்துக்காட்டி நீதிமன்றத்தில் வாதிடலாம். பாஸ்வேர்டுக்கு அது பொருந்துமா என்பதில் நம் நீதிமன்றங்கள் இருவிதமாகப் பேசியிருக்கின்றன, ஆகவே வாதிட இடமிருக்கிறது. சாவி நிறுவனத்திடம் இருந்தால், என் டிஸ்க் திறக்கப்பட்டது எனக்குத் தெரியாமலே போகலாம். 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு, மறையாக்கிய தகவலின் வெளிப்படையான பிரதியை 90 நாள் வைத்திருக்கும்படி குடிமக்களிடம் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பிச் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நேரடியாகக் கேட்கும்போது மக்கள் மறுக்கிறார்கள் என்பதற்கு வாஷிங்டனுக்கு அடுத்தபடியான சாட்சி டெல்லியிலேயே கிடைத்தது.

மாற்றுச்சாவி எங்கே இருக்க வேண்டும் என்று பயனரிடம் நேரடியாகக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது, சாதாரணப் பயனர் குழம்பிப்போவார் என்று நிறுவனங்கள் சொல்லலாம். ஆப்பிளின் ஃபைல்வால்ட் பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத் திரையில் கேட்டு வந்தது: பாஸ்வேர்டு மறந்தால் ஐகிளவுட் கணக்கு வழியாகத் திறக்கலாமா, அல்லது மீட்புச்சாவியை நீங்களே எழுதி வைத்துக்கொள்கிறீர்களா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த திரை வரும். எத்தனையோ பேர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.